முப்பத்தொரு விரல்கள்

நான் ஒழுங்கானவள் என்பது என்னைத் தெரிந்த எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விடயம். அந்தப் பெயருக்கு முழுக் காரணம் ஒரு பட்டியல். ஒரு படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டிய பதினான்கு விடயங்களை எழுதி, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பதினான்கையும் பார்த்து, பதினான்குக்கும் சரி போட்டு, அதன் பிறகு ஒரு நல்ல மனிதரின் கடைத் திறப்பு விழாவைக் கெடுக்கப் போன கதை இது. பட்டியலில் இருந்த எதையும் நான் தவறவிடவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். (இதை நான் அன்று ஏணியில் நின்றபடியும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.)

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்தது கட்டடப் படவரைஞர் பயிற்சி. செய்வது வீட்டிலிருந்தே படம் வரையும் வேலை. யார் கேட்டாலும், எது கேட்டாலும் வரைவேன். சென்ற ஆண்டு வந்த வேலைகளைப் பார்த்தாலே என் பிழைப்பு விளங்கும். டெங்கு சுவரொட்டி ஒன்றுக்கு ஒரு நுளம்பு வரைந்தேன். முதலில் "பயங்கரம் கூடிப்போச்சு" என்றார்கள். திருத்தி அனுப்பியதும் "இப்ப பாவமா இருக்கு" என்றார்கள். ஏழாவது நுளம்பு தேர்வானது. பெரியகல்லாற்று மீனவர் சங்கம் ஒன்றுக்கு வாவி மீன்களை அளவுப்படி வரைந்து கொடுத்தேன். தலைவர் பார்த்துவிட்டு, "இறாலப் பெரிசாக்குங்க தங்கச்சி" என்றார். "இறால் மீனை விடச் சின்னந்தானே அண்ணன்?" என்றேன். "அது தண்ணிக்குள்ள. எங்களுக்கு இறால்தான் பெரிசு" என்றார். பெரிதாக்கினேன். கலியாண அழைப்பிதழ் ஒன்றில் மாப்பிள்ளைக்கு முடி வைத்துக் கொடுத்தேன். அது தாராளமாக வைத்த முடி; அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வது தொழில் தர்மம் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காத்தான்குடியிலிருந்து ஜவ்பர் ஹாஜியார் அழைத்தார். பத்தொன்பது வருடம் கட்டாரில் சமையலறைகளில் நின்றவர். ஊருக்கு வந்து பிரதான வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுகிறார். கடையின் விசேடம் சஹன் சாப்பாடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் சோறும் கறிகளும் வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கலியாண வீட்டில் மட்டும் கிடைக்கும் அந்தச் சாப்பாட்டைக் கடையிலும் கொடுக்கப் போகிறார். கடையின் பின்சுவரில், எட்டடி அகலத்துக்கு ஒரு படம் வேண்டும்.

"மகள், முகம் வேணா," என்றார். "சாப்பிடுற இடத்தில உருவப் படம் வைக்கிறது எங்கட வீட்டில விருப்பமில்ல. மேல இரிந்து பாத்தா எப்பிடி, அப்பிடிக் கீறுங்க. நடுவில சஹன். சுத்தி ஆறு கை. கை மட்டும் போதும்."

நல்ல யோசனை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆறு கைகளுக்கும் மாதிரி வேண்டும். வீட்டில் பகல் முழுக்கக் கை சும்மா இருந்த ஒரே ஆள் என் அப்பா. வாய்க்கால், மதகு என்று முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓவர்சியர். அவரைப் பிடித்து இருத்தி, குசினித் தட்டில் சோற்றைப் பரப்பி, வலக்கையை வைக்கச் சொல்லி, ஆறு கோணத்தில் படம் எடுத்தேன்.

"இன்னும் எத்தின தரம் சோத்துக்குள்ள கைய வெச்சிக்கிட்டுச் சாப்பிடாம இரிக்கிற?" என்றார் அப்பா.

"ரெண்டு தரம்."

"இதுதான் உன்ட வேலையா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருந்தது. படம் வரைந்து பிழைத்துக் காட்ட அப்பாவிடம் ஒரு வருடத் தவணை கேட்டிருந்தேன். முடியாவிட்டால், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர் வேலைக்கு விண்ணப்பிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வருடம் முடிய மூன்று கிழமைதான் இருந்தது. அப்பா இதுவரை என் வேலை எதையும் வெளியில் ஒரு இடத்தில் பார்த்ததில்லை. நுளம்பை மட்டும் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்தார். அதை நான் வரைந்தேன் என்று நம்பவில்லை. ஆகவே இந்த எட்டடிப் படம்தான் என் சாட்சி.

வரைந்தேன். நன்றாக வந்தது. ஆறும் ஒருவர் கைபோல இருக்கக்கூடாது என்று ஒன்றுக்கு வயதைக் கூட்டினேன், ஒன்றுக்கு நிறத்தைக் குறைத்தேன், ஒன்றில் மோதிரம் போட்டேன். அப்பாவின் நடுவிரல் சற்று வளைந்தது. மதகுக் கதவில் நசிந்த பழைய காயம். அதை ஐந்து கைகளில் நிமிர்த்திவிட்டு ஒன்றில் மட்டும் அப்படியே விட்டேன். ஹாஜியாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. இனிப் பட்டியல்தான் பாக்கி.

பட்டியலின் பதினோராவது விடயம் இது: "படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்கவும்." படம் வரைபவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரே படத்தை நாள்கணக்காகப் பார்த்தால் கண் பழகி, பிழை தெரியாமல் போய்விடும். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினால் கோணல்கள் எல்லாம் வெளியே வரும். திருப்பினேன். கத்தரிக்காய்ப் பிரட்டலில் ஒரு துண்டு கோணலாக இருந்தது. திருத்தினேன். சரி போட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கும் பார்த்து, சேமித்து, நகரில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் ரமேஷ் அண்ணனுக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

"திரும்ப நேராக்கவும்" என்று பட்டியலில் எங்கும் இல்லை.

படம் வட்டமானது. நடுவில் தட்டு, சுற்றிக் கைகள். எழுத்து ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டாலும் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ரமேஷ் அண்ணன் அச்சடித்தார். வியாழன் பின்னேரம் ஆட்கள் போய் ஒட்டினார்கள். ஒட்டியவர்களுக்கு மேல் கீழ் மட்டும்தான் சொல்லப்பட்டிருந்தது. திறப்பு விழா வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும்.

வெள்ளி காலை ஒன்பதரை மணிக்கு ஹாஜியார் அழைத்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மகள், படம் ஒட்டி முடிஞ்சிது. நல்ல வடிவா இரிக்கி."

"சந்தோசம் ஹாஜியார்."

"ஒரு சின்ன விசயம். உங்கட வலக்கைய முன்னால நீட்டுங்க. சோத்தில கை வைக்கிற மாதிரி."

நீட்டினேன்.

"பெருவிரல் எந்தப் பக்கம் இரிக்கி?"

"இடப்பக்கம்."

"ம். எங்கட சுவத்தில வலப்பக்கம் இரிக்கி."

"எத்தின கையில ஹாஜியார்?"

"ஆறிலயும்."

பின்னால் சமையல்காரர் மஜீத் காக்காவின் குரல் கேட்டது. "நான்தான் கண்ட. கத்தரிக்கா வெட்டிக்கிட்டு நிமிந்து பாத்தன். ஆறு பேரும் இடக்கையால சாப்பிடுறாங்க! மோதிரம் போட்டவரும்!"

"மகள்," என்றார் ஹாஜியார், அதே மரியாதையோடு, "எங்கட ஆக்கள் இடக்கையால தண்ணி கூடக் குடிக்கமாட்டாங்க. இன்டைக்கு ஜும்ஆ முடிய முன்னூறு பேர் வாறாங்க. பத்தொன்பது வருசம் கழிச்சி ஊரில நான் செய்யிற முதல் காரியம் இது. படத்த மறைச்சிப் பாத்தன், துணி பத்தல்ல. என்ன செய்யலாம், சொல்லுங்க."

எங்கள் வீட்டிலும் இடக்கையால் சாப்பிட்டால் அடிதான். இது எந்த ஊரிலும் மன்னிப்புக் கிடைக்காத பிழை.

ரமேஷ் அண்ணனுக்கு அழைத்தேன்.

"நீங்க அனுப்பின ஃபைல்தான் தங்கச்சி. நான் ஒரு புள்ளி மாத்தல்ல."

"தெரியும் அண்ணன். திருப்பி அடிக்க ஏலுமா?"

"இப்ப தொடங்கினா அடிச்சி, காஞ்சி, கொண்டு போய் ஒட்டப் பின்னேரம் ஆறு மணியாகும்."

நான் பதற்றப்படும் ஆள் இல்லை. ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஒன்று, கையை மாற்ற முடியாது. இரண்டு, பெருவிரலை மாற்றலாம். மூன்று, பெருவிரல் ஒரு பக்கம் இருந்தால் அது இடக்கை, மறுபக்கம் இருந்தால் வலக்கை. (சுண்டுவிரலும் சுட்டுவிரலும் இடம் மாறித்தான் இருக்கும். ஆனால் பசித்தவன் அதைப் பார்க்கமாட்டான் என்று முடிவு செய்தேன்.) நான்கு, பழைய பெருவிரலைச் சோற்றால் மூடலாம். படம் முழுக்கச் சோறுதானே.

வர்ணப் போத்தல்களையும் தூரிகைகளையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா சலவை மடிப்புச் சட்டையோடு வாசலில் நின்றார். கையில் ஒரு படிவம்.

"நிரோஜா, இந்தா. கந்தோர் அப்ளிகேசன். இதில ஒரு கையெழுத்து வை, நான் தபால் கந்தோருக்குப் போறன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்ன புள்ள, ஒரு மாதிரி இரிக்காய்?"

"படம் பிழைச்சிட்டு அப்பா. கை மாறிப் போயிட்டு."

"யார்ர கை?"

"உங்கட கைதான். ஆறும். ஏறுங்க."

ஸ்கூட்டியில் அமிர்தகழியிலிருந்து காத்தான்குடிக்குப் புறப்பட்டோம். கல்லடிப் பாலத்தில் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. "இப்பிடித்தான் ஒரு வீட்டுப் பிளானத் திருப்பி அனுப்பினா, கிணறு எங்க வரும்?"

"பக்கத்து வளவுக்குள்ள."

"ம்," என்றார் அப்பா.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. அந்தச் சுவரை முதல் தடவை முழுதாகப் பார்த்தேன். எட்டடியில், மினுமினுப்போடு, ஆறு இடக்கைகள் நெய்ச்சோற்றில் இறங்கியிருந்தன. சோறு உண்மையில் மிக நன்றாக வந்திருந்தது. (இந்த எண்ணம் அந்த நேரத்தில் வந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.)

ஹாஜியார் ஏணி தந்தார். மஜீத் காக்கா பாத்திரம் கழுவும் சோப்பும் துணியும் தந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கரில் வர்ணம் பிடிக்காது. அப்பாவைச் சுவரோரமாக, வீதியைப் பார்க்க நிறுத்தி, வலக்கையை உயர்த்தச் சொன்னேன். அப்போதுதான் ஏணியில் நிற்கும் எனக்குப் புறங்கை தெரியும். உள்ளங்கை வீதிப் பக்கம்.

இதில் ஒரு விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை, பிரதான வீதி. போகிற வருகிறவர்கள் எல்லாம், புதுக் கடைக்குள் ஒரு பெரியவர் கையை உயர்த்தியபடி நிற்பதைக் கண்டு, தங்களைத்தான் அழைக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை உயர்த்தினார்கள். சிலர் சைக்கிளை நிறுத்தி, "திறந்தாச்சா?" என்று கேட்டார்கள்.

"இல்ல, ஜும்ஆ முடிஞ்சி," என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். பன்னிரண்டாவது ஆளுக்கு, "சஹன் சாப்பாடு, ஆறு பேராக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றும் சேர்த்தார். அவருக்கு வேலை பிடித்துப் போனதென்று நினைக்கிறேன்.

தோல் நிறத்தைக் கலந்து பார்க்க ஒரு தாள் தேவைப்பட்டது. "அப்பா, ஏதாவது கடதாசி இரிக்கா?" என்று கீழே பார்க்காமல் கையை நீட்டினேன். ஒரு தாள் வந்தது. அதில் ஆறு விதமான பழுப்பு நிறங்களைப் பூசிப் பார்த்தேன். கடைசி நிறத்தைப் பூசும்போதுதான், "முழுப்பெயர் (தெளிவான எழுத்தில்)" என்ற வரி கண்ணில் பட்டது.

"அப்பா! இது அப்ளிகேசன்!"

"சட்டைப் பையில வேற ஒண்டும் இல்ல," என்றார். கை இன்னும் உயரத்தில்தான் இருந்தது.

இனி என் அறிவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முறையாகப் பயிற்சி பெற்றவள். ஒரு நிறத்தைக் கலந்தால் அந்த நிற வேலை முழுவதையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்பது முறை. ஆகவே முதலில் ஆறு புதிய பெருவிரல்கள். அது முடிந்த பிறகு சோற்று நிறம் கலந்து ஆறு பழைய பெருவிரல்களையும் மூடுவது. காகிதத்தில் இது மிகச் சரி.

பதினொன்றே முக்காலுக்கு, தொழுகைக்குப் போக வெள்ளை உடுப்போடு வந்த ஹாஜியார் சுவரைப் பார்த்து நின்றார்.

"புள்ள," என்றார். "முந்தி இடக்கை மட்டும்தான். இப்ப எல்லாருக்கும் ஆறு விரல்."

"பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு ஹாஜியார். இனி மற்றதை மூடுவன்."

"நீங்க வர முந்தி முப்பது விரல். இப்ப முப்பத்தாறு," என்றார் மஜீத் காக்கா. அவருக்குக் கணக்கில் ஆர்வம் உண்டு என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போனார். அவர் அங்கே என்ன துஆக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் சோறு பூசத் தொடங்கினேன். ஒவ்வொரு பெருவிரலும் ஒரு சாணுக்கு மேல் நீளம். ஒவ்வொரு பருக்கையாக வைக்க நேரமில்லை. கொத்துக் கொத்தாக வைத்தேன். முதல் கை, இரண்டாவது கை. மூன்றாவதில் ஓரிடம் தவறி வழிந்தபோது அதன்மேல் ஒரு துண்டு இறைச்சி வைத்தேன். நான்கு, ஐந்து. மணி ஒன்று. ஆறாவது கை மேலே இடது மூலையில் இருந்தது. ஏணியை அங்கே நகர்த்தத் திரும்பினேன். அந்த இடத்தில், நான் வேலையில் மூழ்கியிருந்தபோது, மஜீத் காக்கா ஒரு கண்ணாடி அலுமாரியைக் கொண்டுவந்து வைத்து, உள்ளே இனிப்புக்கு நூறு கிண்ணம் வட்டிலப்பம் அடுக்கி முடித்திருந்தார்.

"காக்கா, இதக் கொஞ்சம் நகத்தலாமா?"

"நகத்தலாம். ஆனா வட்டிலப்பம் உடைஞ்சிரும்."

எட்டிப் பார்த்தேன். எட்டவில்லை; தூரிகையை ஒரு தடியில் கட்டி நீட்டிப் பார்த்தேன். தடி நுனியில் சோறு ஆடியது. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது.

"புள்ள, இறங்குங்க, இறங்குங்க!" ஹாஜியார் ஓடி வந்தார். "ஆக்கள் வாறாங்க!"

இறங்கினேன். ஏணி பின்பக்கம் போனது. வெள்ளை உடுப்புகளாக ஆட்கள் நுழைந்தார்கள். மௌலவி ஒருவர் துஆ ஓதினார். நான் வர்ணக் கையோடு சமையலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தேன். ஐந்து வலக்கைகள். ஆறாவதும் வலக்கைதான், ஆனால் இரண்டு பக்கமும் பெருவிரல். அதிலும் அது எந்தக் கை? நடுவிரல் வளைந்த கை.

யாரும் கவனிக்காமல் போய்விடலாம் என்று நினைத்தேன். போயிருக்கவும் கூடும். ஆனால் ஹாஜியார் நன்றியுள்ள மனிதர். "நீங்களும் இரிங்க," என்று அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், முதல் சஹனிலேயே ஐந்து பேரோடு இருத்திவிட்டார். சரியாக அந்தச் சுவருக்குக் கீழே. எதிரே இருந்த தாடிக்காரப் பெரியவர் ஒருவர் முதல் வாய் வைத்தார், நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார். குனிந்து அப்பாவின் கையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"தம்பி," என்றார் அப்பாவைப் பார்த்து. "அது உங்கட கைதானே?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் வாய்க்கால் அளந்த மனிதர். பிழையைக் கண்டால் பிழை என்று சொல்லியே பழகியவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓம், என்ட கைதான்," என்றார் அப்பா. "என்ட மகள் கீறினது. மற்ற விரல் சாப்பிடேக்க மட்டும் வரும்."

முதலில் அந்தச் சஹன் சிரித்தது. பிறகு அடுத்த சஹன் என்னவென்று கேட்டுச் சிரித்தது. கடை முழுக்க நிமிர்ந்து எண்ணத் தொடங்கியது. மஜீத் காக்கா கரண்டியை உயர்த்தி அறிவித்தார்: "முப்பத்தொண்டு! நான் எண்ணிட்டன், முப்பத்தொண்டு!" ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் கையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள்கள் குலுங்கின. காலையிலிருந்து அவர் அடக்கி வைத்திருந்த எல்லாம் அப்படிச் சிரிப்பாகப் போனது என் அதிர்ஷ்டம்.

மறுநாளே நேரான படத்தை இலவசமாக அச்சடித்து ஒட்டித் தருகிறேன் என்றேன். அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். அடுத்த கிழமை அழைத்தபோது, "அதத் தொடாதீங்க மகள்," என்றார். "சாப்பாடு வர நேரமானா ஆக்கள் ஆறாவது விரலத் தேடிக்கிட்டு இரிக்கிறாங்க. சத்தம் போடுறதில்ல." கடைக்கு அவர் வைத்த பெயர் பலகையில் அழகாக இருக்கிறது. ஓட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யோசிக்கிறார்கள். ஆறுவிரல் கடை என்றால் நேரே கொண்டுபோய் இறக்குகிறார்கள்.

என் பட்டியலில் இப்போது பதினைந்து விடயங்கள். பதினைந்தாவது: "திரும்ப நேராக்கவும்." வாடிக்கையாளர்களும் மாறிவிட்டார்கள். பெரியகல்லாற்றுச் சங்கம் அண்மையில் நண்டுப் படம் ஒன்று கேட்டது. தலைவர் கடைசியில், "காலை மட்டும் எண்ணிப் பாத்து அனுப்புங்க தங்கச்சி," என்றார்.

ஒரு வருடத் தவணை முடிந்த நாளன்று அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பழுப்பு நிறங்கள் பூசிய அந்த விண்ணப்பப் படிவம் எங்கே என்று கேட்டேன். "பத்திரமா வெச்சிருக்கன்," என்றார். புதுப் படிவம் எதையும் அவர் பிறகு எடுத்து வரவில்லை.

அம்மாதான் அந்த ஆறாவது விரலை விடமாட்டார். வீட்டில் யார் விருந்துக்கு வந்தாலும், அப்பா போதும் என்று தட்டின்மேல் கையை விரித்து மறைத்ததும், அம்மா அகப்பையை நிறுத்திவிட்டு அந்தக் கையை உற்றுப் பார்ப்பார்.

"அஞ்சுக்குத்தான் போட்டிருக்கன். இன்னும் ஒருத்தர் இரிக்கார்," என்று சொல்லி, இன்னொரு அகப்பை வைப்பார்.